வாட் கூடினால் வலு கூடுமா?

வேக்குவம் கிளீனர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண், அந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தூசி இழுக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்ற இரண்டுக்கும் அதில் பதில் இல்லை. ஆனாலும் செகந்திராபாத்தின் லோத்குண்டா, அல்வால், திருமலகிரி பக்கத்துக் குடியிருப்புகளில் புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது, "2000 வாட்டுக்குக் குறைச்சலா எடுக்காதீங்க, மோட்டார் தாங்காது" என்ற அறிவுரைதான். நூறு பேர் சொன்னாலும் இது தவறான அறிவுரைதான்.

உறிஞ்சும் வலுவைத் தீர்மானிப்பவை இரண்டு: குழாய்க்குள் உண்டாகும் அழுத்தக் குறைவு, விநாடிக்கு ஓடும் காற்றின் அளவு. இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஏர்வாட். 1600 வாட் இழுக்கும் இயந்திரம் குழாய் முனையில் 300 ஏர்வாட் கொடுத்தாலே நல்ல இயந்திரம்; மீதியில் பெரும்பகுதி வெப்பமாகத்தான் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கிளீனரின் குழாய் வாயை உள்ளங்கையால் அடைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். மோட்டார் கீச்சென்று கத்தும், கை இறுகப் பிடித்து இழுபடும். பிளக்கில் ஒரு வாட் மீட்டர் மாட்டியிருந்தால் அதே நேரத்தில் எண் ஏறாது, இறங்கும். காற்று ஓடாததால் மோட்டார் சுழற்றும் விசிறிக்குச் சுமை குறைகிறது. சுழற்சி வேகம் மட்டும் கூடுகிறது. இழுவிசை உச்சத்தில் இருக்கையில் வாட் குறைகிறதென்றால், வாட்டை வைத்து இழுவிசையை எப்படி அளப்பது?

குறைந்த வாட்டிலேயே நன்றாகத் தூசி எடுக்க வேண்டும் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே ஆக்கிவிட்டது. அங்கே 2014 செப்டம்பர் முதல் 1600 வாட்டுக்கு மேற்பட்ட வீட்டுக் கிளீனர்கள் சந்தைக்கு வரக் கூடாது என்றானது. 2017 செப்டம்பரில் அந்த வரம்பு 900 வாட்டாக இறங்கியது. அதே விதியின்படி, இடுக்குகள் உள்ள கடினத் தரையில் 98 சதவீதமும் கம்பளத்தில் 75 சதவீதமும் தூசி எடுத்தாக வேண்டும். மோட்டார் 500 மணி நேரம் உழைக்க வேண்டும். ஹோஸ் 40,000 முறை வளைந்த பிறகும் பயன்பட வேண்டும். வாரத்துக்கு 2 மணி நேரம் ஓட்டும் வீட்டில் 500 மணி என்பது ஏறக்குறைய 5 ஆண்டு. 900 வாட்டுக்குள் இத்தனையும் முடிகிறபோது, இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 2000 வாட் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

மோட்டாரைக் கொல்வது வாட் குறைவு அல்ல, அடைப்பு. சாதாரண கிளீனரில் உறிஞ்சப்படும் காற்றேதான் மோட்டாரின் சுருள்களைத் தொட்டுக் குளிர்விக்கிறது. பில்டர் அடைத்தால் காற்று குறையும், வேகம் ஏறும், சூடும் ஏறும். கார்பன் பிரஷ்கள் தீப்பொறி விட்டுச் சீக்கிரம் தேயும், அவை உரசும் செம்புப் பட்டைகள் கருத்துப்போகும், கருகல் வாடை வரும். ராஜீவ் ரஹதாரி நெடுஞ்சாலையை ஒட்டிய லோத்குண்டாவில் சாலைத் தூசிக்குப் பஞ்சமில்லை. அதைவிட மோசமானவை சிமெண்ட் பொடி, சுவரைத் தேய்த்த பட்டித் தூள், வாசல் கோலமாவு. இவற்றை வீட்டுக் கிளீனரால் இழுப்பது மோட்டாருக்குச் செய்யும் கொடுமை. ஆகவே கடையில் முதலில் பார்க்க வேண்டியது பையின் கொள்ளளவும் பில்டரின் பரப்பும்தான்.

தரை விஷயத்தில், இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் காணப்படும் தாண்டூர் கல்லும் ஷாபாத் கல்லும் சுண்ணாம்புக் கற்கள். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அவை ஏறக்குறைய 3-இல் நிற்க, மணலில் உள்ள குவார்ட்ஸ் 7. மணலோடு மாப்பு போட்டால் கல்லில் கீறல் விழும். முதலில் மென்மையான முடியுள்ள பிரஷ் முனையால் தூசியை எடுத்துவிட்டுத்தான் ஈரத் துணி. கல் இணைப்புகளின் பள்ளத்துக்குக் காற்றோட்டம் அதிகமுள்ள இயந்திரம் தேவை. மார்பிளுக்கும் இதே கவனம் வேண்டும். கிரானைட்டும் விட்ரிஃபைட் டைல்ஸும் அவ்வளவு சுலபத்தில் கீறா. கம்பளத்துக்கு மட்டுமே சுழலும் உருளை பிரஷ் அவசியம். கல் தரைக்கு வரும்போது அதை நிறுத்தும் வசதி இருக்க வேண்டும். மரத் தரையில் ஓட்டும் இயந்திரத்துக்கு ரப்பர் சக்கரம் வேண்டும்.

வாட்டைப் போலவே வேறு சில நம்பிக்கைகளும் உண்டு. பை இல்லாததே சிறந்தது என்பது பாதி உண்மை: பைச் செலவு மிச்சம், ஆனால் கொட்டும்போது தூசி மூக்கில்தான் ஏறும். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா பில்டர் என்று எழுதியிருந்தாலே போதும் என்பதும் தவறு. மூடியின் ரப்பர் சரியாகப் பொருந்தாவிட்டால் தூசி பக்கவாட்டில் தப்பிவிடும். எந்தக் கிளீனரும் தண்ணீரை உறிஞ்சும் என்பது ஆபத்தான பொய். அதற்கென்று செய்த 'வெட் அண்ட் டிரை' வகையில் மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றுக்குத் தனிப் பாதை உண்டு. மற்றதில் தண்ணீர் நேரே மோட்டாருக்குப் போகும்.

நீண்ட உழைப்புக்கு உண்மையான உத்தரவாதம் உதிரிபாகம்தான். கார்பன் பிரஷ் போன்ற சிறு பாகம் தேய்ந்ததற்காக முழு இயந்திரத்தையும் குப்பையில் போடச் சொல்வது அநியாயம். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுது நீக்கும் உரிமைக்காகக் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளத்தையும் திறந்தது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் அடக்கம். பணம் கட்டுவதற்கு முன் கார்பன் பிரஷ், ஹோஸ், பில்டர், பை நான்கும் தனித்தனியாக என்ன விலை, செகந்திராபாத்தில் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். கம்பியில்லா வகையானால் பேட்டரியின் விலையையும், அதை வீட்டிலேயே கழற்றி மாற்ற முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பதில் சொல்லாத கடையில் வாங்கக் கூடாது.