வல்லூறும் பறவைக் காய்ச்சலும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையின் இருமருங்கும் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் சோளமும் கொத்தமல்லியும் வானம் பார்த்து விளையும் நிலம் அது. குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் ஆண்டில் மிகச் சில. கண்மாய்கள் பலவற்றில் தண்ணீரைவிடச் சீமைக் கருவேலமே மிகுதி. ஆயினும் தமிழ்ச் சமணர்களாகிய நமக்கு இஃது அயல் நிலமன்று. வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்னும் புகழ்பெற்ற சமணப் பள்ளி இந்நிலத்தில்தான் இருந்தது. மதுரையை அடுத்த சமணர்மலையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ்ப் பொறிக்கப்பட்டுள்ள வட்டெழுத்துகளில், குறண்டி அட்டோபவாசி படாரரின் மாணாக்கர் பெயர்களை இன்றும் படிக்கலாம். அட்டோபவாசி என்றால் எட்டு நாள் உண்ணா நோன்பு நோற்றவர் என்பது பொருள். திருச்சுழிக்கு எதிரே ஆற்றின் மறுகரையில் உள்ள ஊருக்குப் பள்ளிமடம் என்றே பெயர் வழங்குகிறது. கோவிலாங்குளத்தில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ளன. மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்கி, மற்றைய மாதங்களில் ஊர் ஊராக நடந்த முனிவர்களின் நிலம் இது.

இந்நிலத்திற்கு ஆண்டுதோறும் வந்து போகும் வேறொரு வழிப்போக்கரைப் பற்றியே இப்பாடம். பொரி வல்லூறு என்று பறவை நூல்கள் அதனைக் குறிக்கும். அதன் அறிவியற் பெயரில் உள்ள இலத்தீன் சொல்லுக்கு வழிப்போக்கன், அயலூர்ப் பயணி என்பது பொருள். சைபீரியாவின் வடகோடிப் பனிவெளியில் பிறந்து, ஐப்பசி வாக்கில் நம் நாட்டை அடைந்து, பங்குனியில் திரும்பிச் செல்லும் இனம் ஒன்று. இங்கேயே மலைப்பாறைகளில் வாழ்ந்து இனம் பெருக்கும் ஷாஹீன் என்னும் செந்நிற வயிற்று இனம் மற்றொன்று. இலங்கையின் சிகிரியாக் குன்றிலும் இந்த ஷாஹீன் வாழ்கிறது.

நம் ஊர்களில் வளைந்த அலகுடைய பறவை எதுவாயினும் பருந்து என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆசிரியப் பயிற்சி மாணவியரைக் கண்மாய்க் கரைக்கு அழைத்துச் சென்ற காலங்களில் நாம் முதலில் மாற்ற முயன்றது இப்பழக்கத்தையே. வாலில் பிளவு தெரிந்தால் அது கள்ளப் பருந்து. தலை வெளுத்து உடல் செங்கல் நிறமாயின் செம்பருந்து. வல்லூறு இவற்றினும் சிறியது, ஏறத்தாழ அண்டங்காக்கை அளவே இருக்கும். கூர்மையான நீண்ட சிறகும், கண்ணுக்குக் கீழே மீசைபோல் இறங்கும் கருங்கோடும் அதன் அடையாளங்கள். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. உயரத்தில் வட்டமிட்டு, சிறகை ஒடுக்கிக் கல்லைப் போல் கீழே பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். உலகில் இதனினும் விரைந்து இயங்கும் உயிர் வேறில்லை. அவ்வேகத்தில் காற்று மூச்சை அடைத்துவிடாதபடி அதன் மூக்குத் துளைக்குள் சிறு முளை ஒன்று அமைந்துள்ளது. பறக்கும் பறவைகளே அதற்கு உணவு: புறா, உள்ளான், கிளுவை போன்ற சிறு வாத்துகள், அந்தி நேரத்து வௌவால்கள்.

அது கூடு கட்டுவதில்லை. செங்குத்துப் பாறையின் விளிம்பில் சிறு பள்ளம் பறித்து மூன்று நான்கு முட்டைகளை இட்டு, ஏறத்தாழ ஒரு மாதம் அடைகாக்கும். மனிதர் எழுப்பிய உயர்ந்த கட்டடங்களும் அதன் கண்ணுக்குப் பாறைகளே. ஆகவே நியூயார்க் நகரின் பாலங்களிலும் உயர் மாடங்களிலும் அது குடியேறிற்று. இலண்டனில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடத்தின் பழைய புகைபோக்கியில் அமர்ந்திருப்பதைத் தொலைநோக்கியால் காண மக்கள் கூடினர். நம் நாட்டிலும் குளிர்காலத்தில் மும்பை போன்ற நகரங்களின் உயர்ந்த கட்டடங்களில் வல்லூறு வந்து அமர்கிறது. கரிசல் நாட்டில் செல்பேசிக் கோபுரமும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியும் அதற்குப் போதுமானவை. கீழே புறாக் கூட்டம் இருந்தால் மேலே வல்லூறு வரும். அப்புறாக் கூட்டத்தைத் தானியமிட்டு வளர்ப்போரில் நம் சமயத்தார் பலர் என்பதை இங்கே நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

இப்பறவை முன்பே ஒருமுறை அழிவின் விளிம்புவரை சென்று மீண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயிர்களுக்குத் தெளிக்கப்பட்ட டி.டி.டி. மருந்து பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதிலிருந்து வல்லூறுக்கும் சென்று சேர்ந்தது. விளைவாக முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையாலேயே முட்டைகள் நொறுங்கின. இதனை இங்கிலாந்தின் டெரிக் ராட்கிளிஃப் 1967-இல் அளந்து காட்டினார். அமெரிக்கா 1972-இல் அம்மருந்தைத் தடை செய்தது. வளர்ப்பில் பொரித்த குஞ்சுகளை ஆண்டுக்கணக்கில் வெளியே விட்டு, 1999-இல் வல்லூறை அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து அந்நாடு நீக்கியது. இந்தியாவில் வேளாண்மைக்கு டி.டி.டி. பயன்படுத்துவது 1989-இல் நிறுத்தப்பட்டது. பருத்திக் காட்டில் மருந்தடிப்போர் அனைவரும் அறிய வேண்டிய வரலாறு இது.

இப்போது வந்துள்ள இடர் வேறு வகையானது. எச்5என்1 என்னும் கடுமையான பறவைக் காய்ச்சல் கிருமி 1996-இல் சீனாவின் குவாங்டொங் மாநிலத்தில் பண்ணை வாத்துகளில் கண்டறியப்பட்டது. மறு ஆண்டு ஹாங்காங்கில் 18 பேருக்குத் தொற்றி, அறுவர் இறந்தனர். காட்டு நீர்ப்பறவைகளின் குடலில் மென்மையான காய்ச்சல் கிருமிகள் தொன்றுதொட்டே உள்ளன. அவற்றால் அப்பறவைகளுக்குப் பெருந்தீங்கு இல்லை. பல்லாயிரம் கோழிகளையும் வாத்துகளையும் நெருக்கி அடைத்த இடங்களிலேயே அவை கொல்லும் கிருமிகளாக மாறுகின்றன. பிறகு அங்கிருந்து காட்டுப் பறவைகளுக்குத் திரும்புகின்றன. எனவே, வலசை வந்த பறவைகளே நோயைக் கொண்டுவந்தன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி உண்மையே.

இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாபூரில் தோன்றியது. 2014-இல் கேரளத்தின் ஆலப்புழை வாத்துகளைத் தாக்கிற்று. 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை நீர்த்தேக்கத்தில் வரித்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் மடிந்தன. அதே வரித்தலை வாத்துகள்தாம் நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திற்கும் ஆண்டுதோறும் வருகின்றன. 2024 டிசம்பரில் நாகபுரி கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே கிருமியால் இறந்தன. மனிதர்க்கு இது எளிதில் தொற்றுவதில்லை, தொற்றினால் கொடியது. டெல்லியில் 2021-இலும் ஆந்திரத்தில் 2025-இலும் ஒவ்வொரு குழந்தை இந்நோயால் இறந்தமை பதிவாகியுள்ளது.

வல்லூறுக்கு நோய் வரும் வழி அதன் உணவே. நோயுற்ற வாத்து மெதுவாகப் பறக்கும், கூட்டத்தில் பின்தங்கும். வேட்டைப் பறவையின் கண்ணுக்கு முதலில் படுவதும் அதுவே. பின்தங்கிய ஒன்றைப் பிடித்து உண்டால், அந்த ஓர் உணவே போதும். நோய் மூளையைத் தாக்கிச் சில நாள்களில் அது இறந்துவிடும். ஹாங்காங்கில் 2004 ஜனவரியில் இறந்து கிடந்த வல்லூறு ஒன்றின் உடலில் இக்கிருமி காணப்பட்டது. 2021-க்குப் பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய பெருந்தொற்றில் வல்லூறுகள் பல மடிந்தன. கடற்கரையோரக் கூடுகள் சில வெறுமையாயின. கோழி இறந்தால் பண்ணையார் அறிவார். வல்லூறு இறந்தால் கணக்கெடுப்பார் எவருமில்லை. ஓர் இணைக்குப் பல சதுர மைல் பரப்புத் தேவைப்படுவதால் அதன் தொகை எப்போதும் சிறிதே. ஒன்றை இழந்தாலும் அப்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறிச்சோடிக் கிடக்கும்.

வறண்ட நாட்டிற்கு இதில் தனியொரு கவலை உண்டு. கார்த்திகையில் மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருக்கும்போது பறவைகள் பரந்து மேயும். முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைச் சரணாலயங்கள். இரண்டும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றவை. மாசி பிறந்ததும் கண்மாய்கள் வற்றத் தொடங்கும். அப்போது எஞ்சிய குட்டைகளில் அத்தனை பறவைகளும் நெருங்கி, ஒன்றன் எச்சம் கலந்த நீரையே மற்றொன்று பருகும். பங்குனி வெயிலில் காயும் மண்ணில் கிருமி நீடிப்பது அரிது. ஆனால் நிழல் படிந்த குட்டை நீரில் அது பல நாள் தங்கும்.

இனி, நம் அறநெறிப்படி இதனை எவ்வாறு நோக்குவது? ஊன் உண்ணும் பறவைக்கு இரங்கலாமா என்று நம் பெண்மணிகள் சிலர் கேட்பதுண்டு. டெல்லி செங்கோட்டைக்கு எதிரிலுள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்துப் பறவை மருத்துவமனை உலகறிந்தது. அங்கே தானியம் உண்ணும் பறவைகள் தங்க வைக்கப்படுகின்றன. ஊன் உண்ணிகளுக்குத் தனியே சிகிச்சை அளித்து அனுப்பிவிடுவது அதன் வழக்கம். புறாவும் பருந்தும் ஒரே கூரையின் கீழ் இருத்தல் இயலாது என்பதில் நியாயம் உண்டு. அந்நகரிலேயே நதீம், சவூத் என்னும் இரு சகோதரர்கள் காயம்பட்ட பருந்துகளுக்கென்றே ஒரு காப்பகம் நடத்துகின்றனர். அவர்களைப் பற்றிய ஆவணப்படம் 2022-இல் வெளிவந்து பரிசுகள் பெற்றது. நம்மைக் கேட்டால், நம்மவர் பொருளுதவி செய்யத்தக்க பணிகளில் இதுவும் ஒன்று என்போம். வல்லூறு ஐம்பொறியும் மனமும் உடைய உயிர். கொன்று தின்பது அதன் விலங்குகதியின் வினைப்பயன். நோன்பை முறித்த குற்றமன்று. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோதுதான் முனிவர் இருவரிடம் அறம் கேட்டார் என்பதை நம் புராணம் அறிந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சாந்திநாதரின் முற்பிறவியாகிய மேகரத மன்னனிடம் புறாவும் அதனைத் துரத்திய பறவையும் வந்த வரலாற்றிலும், துரத்திய பறவையை அவன் பகையாக எண்ணவில்லை.

இதனினும் கடினமான வினா, நோய் கண்ட இடத்தில் கோழிகளைக் கொல்வதைப் பற்றியது. நம் நாட்டு அரசின் விதிப்படி நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும் கொல்லப்படுகின்றன. நோய் இல்லாதவையும் இவற்றுள் அடங்கும். இல்லறத்தார்க்கு நேரும் இம்சையைச் சங்கற்பம், ஆரம்பம், உத்தியோகம், விரோதம் என நால்வகையாக நம் நூல்கள் பிரிக்கின்றன. ஊர் மக்களைக் காக்கும் பொருட்டு அதிகாரிகள் செய்வதை விரோத வகையில் அடக்கலாம் என்பர் சிலர். நோயற்ற உயிரைத் திட்டமிட்டுக் கொல்வதை அவ்வாறு எளிதில் அடக்கிவிட முடியாது என்பதே நம் கருத்து. பிரான்சு நாடு 2023 அக்டோபர் முதல் பண்ணை வாத்துகளுக்குத் தடுப்பூசி போடுகிறது. கொல்லாமல் தடுக்கும் வழி உண்டு என்பதற்கு இது சான்று. அதனை இங்கும் ஆராயும்படி கேட்க நம் சங்கங்களுக்கு உரிமை உண்டு. காட்டுப் பறவைகளைச் சுடுவதோ, அவை தங்கும் மரங்களை வெட்டுவதோ நோயைப் பரப்புமேயன்றித் தடுக்காது என்பதில் அறிஞர்க்குள் கருத்து வேறுபாடில்லை. வல்லூறு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற பறவை. அதனைப் பிடிப்பதும் கொல்வதும் தண்டனைக்குரியன. கள்ளத்தனமாகக் கடத்துவோரால் நோயும் பயணம் செய்கிறது. 2004 அக்டோபரில் பாங்காக்கிலிருந்து பிரசெல்சு விமான நிலையத்திற்கு ஒருவர் கைப்பையில் மறைத்துக் கொணர்ந்த இரு குடுமிக் கழுகுகளிடம் இதே கிருமி இருந்தது.

இறுதியாக, நம் வீட்டு வாயிலுக்கு வருவோம். பறவைக்கு நீரும் தானியமும் வைப்பது நம் குடும்பங்களில் தலைமுறை வழக்கம். மும்பையில் புறாக்களுக்கு உணவிடும் இடங்கள் 2025-இல் மூடப்பட்டபோது நம் சமயத்தார் பெரிதும் வருந்தினர். ஆயிரம் புறாக்கள் ஒரே மூலையில் குவியும்படி மூட்டை மூட்டையாகக் கொட்டுவதை நாம் ஆதரிப்பதில்லை. அஃது அவற்றுக்கே நோய் தரும். ஒரு வேளைக்கு அவை உண்டு தீர்க்கும் அளவே தூவுதல் நன்று. கண்மாயிலோ முற்றத்திலோ ஒன்றிரண்டுக்கு மேல் பறவைகள் இறந்து கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், பிள்ளைகளையும் தொடவிடாமல், கால்நடை மருந்தகத்திற்குச் சொல்லுதல் வேண்டும். தள்ளாடும் பறவையை இரக்கத்தால் மடியில் எடுத்து வைத்துக்கொள்வதும் ஆகாது. அட்டைப் பெட்டி ஒன்றால் மூடி, நிழலில் விட்டு, மருத்துவரை அழைக்கலாம். நீர்த் தாழியை நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவும்போது கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடியுமே என்று தயங்குவோர்க்கு, இஃது ஆரம்ப இம்சையில் அடங்கும், கழுவாத தாழியால் மடிவன இதனினும் பல என்று சொல்லுவோம். மண்தாழி இரண்டு வைத்துக்கொண்டால், ஒன்று வெயிலில் காயும் நாளில் மற்றதில் நீர் ஊற்றலாம்.