கறவை ஆடு வாங்குவோர் கவனத்திற்கு

கொற்கை, ஏரல், ஆத்தூர் வட்டாரச் சிறு விவசாயிகளுக்கு வீட்டுப் பாலுக்கு இரண்டு மூன்று வெள்ளாடுகள் வைத்துக் கொள்வது நல்ல யோசனையே. உடைமரக் காயும், வேலியோரத் தழையும், வெற்றிலைக் கொடிக்காலில் கழிக்கும் அகத்தியும் தீவனத்தில் பெரும்பகுதியை ஈடு செய்துவிடும். ஆனால் எந்த ஆட்டை வாங்குவது என்பதில்தான் பலர் கைப்பணத்தை இழக்கின்றனர்.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு உரியவை கன்னி ஆடும் கொடி ஆடும். கறுப்பு உடலில் வெள்ளை வரி உடையது பால்கன்னி. செம்பழுப்பு வரி உடையது செங்கன்னி. உயரமான கொடி ஆட்டில் வெள்ளை மேல் கறுப்புத் தெளித்தது கரும்போரை, சிவப்புத் தெளித்தது செம்போரை. வறட்சியைத் தாங்குவதில் இவை கெட்டிக்கார ஆடுகள். ஆயினும் இவை இறைச்சி இனங்கள். குட்டிகள் குடித்தது போக வீட்டுக் காபிக்குக் கொஞ்சம் கிடைத்தால் அதுவே அதிகம்.

பாலுக்குப் பெயர் பெற்றது ஜமுனாபாரி. உத்தரப்பிரதேசத்தில் எட்டாவா மாவட்டத்து யமுனை, சம்பல் நதிக்கரைகளே இதன் தாயகம். நல்ல ஆடு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை கறக்கும். கிளி மூக்கும் தொங்கும் நீண்ட காதும் இதன் அடையாளம். இங்கேதான் ஏமாற்றம் தொடங்குகிறது. கலப்பில் பிறந்த குட்டிக்கும் காது நீளமாகத்தான் இருக்கும். அதைக் காட்டியே சுத்த இனத்தின் விலையைக் கேட்கிறார்கள். காது பால் கறப்பதில்லை! கேரளத்துத் தலைச்சேரி ஆடே அரபு நாட்டு ஆடுகளும் உள்ளூர் ஆடுகளும் கலந்து உருவானதுதான். ஆகவே கலப்பு என்பது குறையல்ல. கலப்புக்குச் சுத்த இன விலை கொடுப்பதுதான் தவறு.

எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை இறைச்சி ஆட்டுக்கும் வளர்ப்புக் குட்டிக்கும் நல்ல இடம். கறவை ஆட்டை மட்டும் அது கறக்கும் வீட்டிலேயே போய் வாங்குங்கள். முதல் நாள் கறக்காமல் பாலைக் கட்டிவைத்தால் எந்த மடியும் பெரிதாகத் தெரியும். எனவே மாலையில் போய், உங்கள் கண்ணெதிரே மடியை ஒட்டக் கறக்கச் சொல்லுங்கள். இரவு குட்டிகளைப் பிரித்துக் கட்டி, மறுநாள் காலையும் மாலையும் கறந்து அளந்து பாருங்கள். இதற்கு இணங்காதவரிடம் வாங்க வேண்டாம். கறந்த பின் மடி சுருங்கி மென்மையாக இருக்க வேண்டும். உள்ளே கட்டி தட்டுப்பட்டால் முன்பு மடிநோய் வந்திருக்கலாம். கூட நிற்கும் குட்டி அதனுடையதுதானா என்பதையும் பாருங்கள். இரண்டாம் ஈற்று ஆடே உத்தமம். இரண்டு பல், நான்கு பல் போட்டது இளசு. எட்டுப் பல்லும் தேய்ந்ததை விட்டுவிடுங்கள்.

சிறு விவசாயிக்கு என் யோசனை இதுதான்: சுத்த ஜமுனாபாரிப் பெட்டைக்குப் பெரும்பணம் போடாமல், நம் பக்கத்து வெயிலுக்குப் பழகிய கலப்புப் பெட்டை இரண்டை வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தை நல்ல கிடாவுக்கு ஒதுக்குங்கள்; நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். மந்தையில் பிறக்கும் எல்லாக் குட்டிக்கும் கிடா பாதிப் பங்கு. கிடாவின் தாய் எவ்வளவு கறந்தது என்று விசாரிக்காமல் வாங்கக்கூடாது. கலப்புக் கிடாவை விட்டால் குட்டிகள் ஒன்றுபோல் வராது. ஒன்று கறக்கும், ஒன்று கறக்காது. கிடாவின் பெண் குட்டிகள் பருவத்துக்கு வருமுன் அதை மாற்றிவிட வேண்டும். கன்னி, கொடி ஆடுகளைச் சுத்தமாக வைத்திருப்போர் அவற்றில் கலப்பைப் புகுத்த வேண்டாம். அந்த இனங்கள் கெட்டால் திரும்ப வாரா.

வாங்கிய ஆட்டை உடனே மந்தையில் சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டதா என்று கேட்டு, இல்லையெனில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரத்தரை ஆகாது. வாங்குவதானால் அதற்கு முன்பே பரண் போட்டு வைத்துவிட்டு ஆட்டை ஓட்டி வாருங்கள்.