நாயும் நம் மன அமைதியும்

அபர்டீன் பஜார் மணிக்கூண்டுப் பக்கம் காலையில் கடை திறப்பவர்களில் சிலர், படியோரம் படுத்திருக்கும் நாய்க்கு இரண்டு பிஸ்கட் போட்டுவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார்கள். அது வாலாட்டி நிமிர்ந்து பார்த்தால் நம் மனமும் லேசாகிறது. இதற்குக் காரணம் என்ன?

மூளையின் அடிப்பகுதியில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் உண்டாகி, பிட்யூட்டரி சுரப்பி வழியே இரத்தத்தில் கலக்கிறது. பிரசவ வலியை வலுப்படுத்துவதும், குழந்தை வாய் வைத்ததும் தாய்ப்பாலை வெளிவரச் செய்வதும் இதுவே. தாய் சேய் பாசத்திலும் இதற்குப் பங்குண்டு. 1953-இல் இதைச் செயற்கையாகத் தயாரித்த வின்சென்ட் டு விக்னோ, 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்ட நாய்கள், வளர்ப்போர் ஆகிய இரு தரப்பிலும் ஆக்சிடோசின் கூடியது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அவ்வாறு கூடவில்லை. அமெரிக்காவில் 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 10 நிமிடம் நாய், பூனைகளைத் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் குறைந்தது.

நம் தீவுகளிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்தமான் பழங்குடியினரிடம் முன்பு நாய்களே இல்லை. 1858-இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை அமைத்த பிறகே அவை அவர்களிடம் வந்தன. பின்னாளில் ஓங்கே மக்கள் நாயைப் பன்றி வேட்டைக்குத் துணையாகவும் வீட்டில் ஒருவராகவும் ஏற்றனர். ஆக, நம்மைப் போல் நாயும் இங்குக் கப்பலேறி வந்ததுதான்!

தாத்தா பாட்டி மடி கடலுக்கு அப்பால் இருக்க, தனிமையில் வாடும் பிள்ளைக்கு ஒரு நாய்க்குட்டி ஆறுதல் தரலாம். ஆனால் அது மருந்தன்று. பயமும் தூக்கமின்மையும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை. வளர்க்கும் பிராணிக்குத் தடுப்பூசியும் தவறக்கூடாது.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பாசம் இரு பக்கமும் சுரக்கிறது. மாற்றலாகி ஊருக்குக் கப்பலேறும் நாளில் நாயைத் தெருவில் விட்டுச் செல்வோர் உண்டு. நமக்கு அமைதி தந்த உயிரை அப்படித் தவிக்கவிடலாமா? உடன் அழைத்துச் செல்ல இயலாவிட்டால், அதனுடன் பழகிய ஒரு வீட்டை முன்கூட்டியே தேடி ஒப்படைப்போம். நாய்க்குட்டி கேட்கும் பிள்ளைக்கு முதலில் இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுப்போம்.