புல்லட் வண்டியின் நோயும் நோய்முதலும்

முன்னுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’, நோயை அறிதல், அதன் காரணத்தை அறிதல், அதனைத் தணிக்கும் வழியை அறிதல் என்னும் மூன்றையும் இவ்வரிசையிலேயே வைக்கிறது. உடலுக்குக் கூறப்பெற்ற இவ்வொழுங்கு இயந்திரத்துக்கும் முற்றும் பொருந்தும். ஆயினும், சாலையில் வண்டி நின்றவுடன் நம்மில் பலர் மூன்றாவதிலிருந்தே தொடங்குகின்றோம். பிளக்கை மாற்றுகின்றோம், கார்புரேட்டரைக் கழற்றுகின்றோம், கைக்கு எட்டிய திருகையெல்லாம் திருகிப் பார்க்கின்றோம். பணம் கரைகிறது, கோளாறு கரைவதில்லை. எனவே, நெடும்பயண மோட்டார் சைக்கிளில் அடிக்கடி நேரும் கோளாறுகளை எவ்வரிசையில் ஆராய வேண்டும், குறி கண்டு காரணம் அறிவது எங்ஙனம் என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டியின் இயல்பு

தாழ்ந்த இருக்கை, நீண்ட உடல், குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த இழுவை ஆகிய இயல்புகளோடு நெடுந்தொலைவுப் பயணத்துக்கென அமைந்த மோட்டார் சைக்கிள்களைக் ‘குரூசர்’ என்று வழங்குவர். இந்தியச் சாலைகளில் இவ்வினத்துக்கு முன்னோடியாக நின்றது புல்லட். 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர் ஆலையில் இவ்வண்டி உருவாயிற்று. 2002இல் வெளிவந்த தண்டர்பேர்டும், 2020இல் வெளிவந்த மீட்டியாரும் அதன் வழித்தோன்றல்களே.

பழைய வார்ப்பிரும்புப் புல்லட்டையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. அதன் சிலிண்டர் 70 மி.மீ. விட்டமும், பிஸ்டன் 90 மி.மீ. ஓட்டமும் உடையன. கொள்ளளவு 346 கன செ.மீ. ஆகும். சிலிண்டர் ஒன்றே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒன்று தளர்ந்தால் அதனைத் தாங்க மற்றொன்று இல்லை. ஆகையால் சிறு குறையும் உடனே வெளிப்பட்டுவிடுகிறது.

மூன்று தேவைகள்

எந்தப் பெட்ரோல் எஞ்சினும் ஓடுதற்கு மூன்று தேவை: உரிய நேரத்தில் தீப்பொறி, உரிய அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய அழுத்தம். வண்டி கிளம்பவில்லையெனில் இம்மூன்றில் ஒன்று இல்லை என்பது உறுதி. ஆராய்ச்சியை எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும். பெட்ரோல் இருக்கிறதா, குழாய்த் திருகு திறந்திருக்கிறதா, சாவி போட்டிருக்கிறதா என்பவற்றைப் பாராமல் எஞ்சினைப் பிரித்தவர் பலர்.

முதலாவது தீப்பொறி. பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். பெட்ரோல் சிந்திய இடத்துக்கு அருகில் இதனைச் செய்தலாகாது. நீலநிறப் பொறி ‘சட்’டென்று தெறித்தால் நன்று. மஞ்சளாய், மெலிந்து தோன்றினால் பாயிண்ட்டையும் கண்டன்சரையும் நோக்க வேண்டும். பாயிண்ட் முழுதும் திறந்திருக்கையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருத்தல் வேண்டும். பாயிண்ட்டின் குதிப்பகுதி தேயத் தேய இவ்விடைவெளி குறுகும்; பொறியும் காலந்தாழ்ந்து பிறக்கும். ‘வண்டி இழுக்கவில்லை, சூடேறுகிறது’ என்னும் முறையீட்டுக்கு இதுவே பலமுறை காரணமாகிறது. பாயிண்ட்டின் முகம் கருகிக் குழிந்து, ஓடும்போது அங்கே பொறி மிகுதியாகத் தெறித்தால் குற்றம் பெரும்பாலும் கண்டன்சருடையது.

இரண்டாவது பெட்ரோல். கழற்றிய பிளக் பலமுறை உதைத்த பின்னும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்து சொட்டினால் மிகுதியாக வந்து மூழ்கடித்துவிட்டது. ஓடிய வண்டியின் பிளக்கோ ஒரு நாட்குறிப்புப் போன்றது. அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் எரிப்பு செம்மையாக நிகழ்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி அல்லது காற்று வடிகட்டி அடைப்பு. வெளிறி வெண்மையாக இருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிவு. எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் எண்ணெய் மேலேறி எரிகிறது.

மூன்றாவது அழுத்தம். டீகம்ப்ரசர் நெம்பைத் தொடாமல் கிக்கரை மெல்ல அழுத்தினால், நல்ல எஞ்சின் ஓரிடத்தில் நம் உடல் எடையையே சிறிது நேரம் தாங்கி நிற்கும். கால் தடையின்றி இறங்கினால் அழுத்தம் போதாது. பிளக் துளை வழியே ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மீண்டும் உதைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தம் கூடினால் தேய்ந்தவை பிஸ்டன் வளையங்கள். கூடாவிடில் வால்வுகள் சரியாக அமரவில்லை.

உதைக்கும் முறை

‘புல்லட் கிளம்ப முரட்டு உடம்பு வேண்டும்’ என்பது தவறான கருத்து. வேண்டுவது முறையே. சாவி போட்டு, அம்மீட்டர் முள்ளைக் கவனித்தவாறு கிக்கரை மெல்ல இறக்க வேண்டும். தடை தோன்றும் இடத்தில் டீகம்ப்ரசரைப் பிடித்து, முள் நடுவுக்கு வரும் வரை சற்றே கடத்திவிட வேண்டும். பாயிண்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியை ஒட்டி நிற்கிறது என்பதே அதன் பொருள். பின்னர் டீகம்ப்ரசரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுதும் மிதிக்க வேண்டும். இம்முறையில் உதைத்தும் கிக்கர் திருப்பி அடித்தால், பொறி முந்திப் பிறக்கிறது என்று கொள்க. கணுக்காலை முறிக்கவல்ல அடி அது. டைமிங்கைச் சரிசெய்யாமல் மீண்டும் உதைத்தலாகாது.

ஒரே குறி, இரு நோய்

சில ஆண்டுகளுக்கு முன் ஆம்பூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் புல்லட்டில் அடிக்கடி செல்லும் தேவை எனக்கு ஏற்பட்டது. வாணியம்பாடியைக் கடந்து சிறிது தொலைவு சென்றதும் வண்டி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றும் நடவாதது போலக் கிளம்பும். மேலும் சிறிது தொலைவு சென்று மீண்டும் நிற்கும். ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றினார்கள். அடுத்த பட்டறையில் பாயிண்ட்டும் கண்டன்சரும் மாறின. மூன்றாவதில் காயிலே மாறிற்று. உறுப்புகள் யாவும் புதியவை. கோளாறு மட்டும் பழையது. ஒருநாள் இருட்டும் நேரத்தில், லாரிகள் விரையும் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டி நின்றபோது, இது பணச்செலவோடு முடியும் செய்தியன்று என்பதை உணர்ந்தேன்.

பர்கூருக்கு அருகே சாலையோரத்தில் கடை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவர், கருவி எதனையும் எடுக்காமல் ஒரு வினா மட்டும் கேட்டார்: “வண்டி பட்டுன்னு நிக்குதா, இருமி இருமி நிக்குதா சார்?” இருமித்தான் நிற்கிறது என்றேன். அவர் பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்தார். ‘புஸ்’ என்று காற்று உள்ளே புகும் ஒலி கேட்டது. மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்கத் தொட்டியில் அதன் இடத்தை நிரப்பக் காற்று நுழையவில்லை. ஆகவே பெட்ரோல் வரத்து நின்றது. வண்டி ஓய்ந்திருக்கையில் காற்று மெல்லக் கசிந்து நுழைய, மீண்டும் ஓடியது. ஒரு மெல்லிய கம்பியால் தீர்ந்த நோய் அது.

காயிலோ கண்டன்சரோ பழுதானாலும் இதே குறி தோன்றும்: சூடேறியதும் நிற்கும், ஆறியதும் ஓடும். ஆனால், மின்வழிக் கோளாறு விளக்கை அணைத்தாற்போல் திடீரென நிறுத்தும். பெட்ரோல் தட்டுப்பாடு தயங்கி, இருமி, மெல்ல நிறுத்தும். இவ்வேறுபாட்டை அறியச் சிறந்த நேரம் வண்டி நின்ற அந்தக் கணமே. ஆறிய பிறகு இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே, நின்றவுடன் வண்டியைச் சாலையை விட்டு ஒதுக்கி, முதலில் மூடியைத் திறந்து காற்றொலி கேட்கிறதா என்று நோக்குக; பின்னர்ப் பொறியைச் சோதிக்க. மூன்று பட்டறையினரையும் நான் குறைகூறவில்லை. ‘நின்று நின்று போகிறது’ என்று மட்டுமே அவர்களிடம் நான் கூறியிருந்தேன்.

ஒலியும் எண்ணெயும்

எஞ்சினின் மேற்பகுதியில் கேட்கும் மெல்லிய ‘டிக்டிக்’ ஒலி பெரும்பாலும் டேப்பட்டுடையது. மேட்டில் ஏறும்போது மட்டும் கேட்கும் கிணுகிணுப்பு பொறி முந்துவதைக் காட்டும். இடப்புற மூடிக்குள் எழும் கலகலப்பு முதன்மைச் சங்கிலியின் தளர்வு. பளு ஏறும்போது அடியிலிருந்து எழும் கனத்த ‘டொக்டொக்’ ஒலி கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்ததற்கு அறிகுறி; அதற்குமேல் ஓட்டுதல் தகாது.

இங்கு ஒரு பெரும்பிழையைச் சுட்ட வேண்டும். ஒலி அடங்கட்டும் என்று டேப்பட்டை இறுக்குவோர் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கையில், பிஸ்டன் அழுத்த ஓட்டத்தின் உச்சியில் நிற்கும்போது, புஷ்ராட் மேலும் கீழும் ஆடாமலும், விரலால் எளிதில் சுழல்வதாகவும் இருப்பதே சரியான அளவு. அதற்குமேல் இறுக்கினால் வால்வு முழுதும் மூடாது. கனல் அதன் விளிம்பைத் தின்னும். சிறிது ஒலிக்கும் டேப்பட் ஒலியற்ற டேப்பட்டினும் நல்லது.

எண்ணெய் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. சில வாரங்கள் ஓடாது நிற்கும் புல்லட்டில், தொட்டிப் பகுதியின் எண்ணெய் பம்ப் வழியே கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். அளவுகோலில் எண்ணெய் குறைந்தது போலத் தோன்றும். அதனை நம்பி மேலும் ஊற்றினால் மிகுந்துவிடும். சில நிமிடம் ஓடவிட்டு, எண்ணெய் திரும்பிய பின் அளத்தலே முறை. அவ்வாறு நின்ற வண்டி கிளம்பும்போது நீலப்புகை வந்து விரைவில் அடங்கினால் அஞ்ச வேண்டுவதில்லை. அடங்காது தொடர்ந்தால் வளையமோ வால்வு வழியோ தேய்ந்துள்ளது. கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் குறிக்கும்.

கிளச்சும் சங்கிலியும்

கிளச்சைப் பிடித்தும் கியர் ‘கறக்’கென விழுந்தால், நியூட்ரல் கிட்டாது தவித்தால், கிளச் முழுதும் விடுபடவில்லை என்பது பொருள். எஞ்சின் இரைந்தும் வேகம் ஏறாவிடில் தட்டுகள் வழுக்குகின்றன. இரண்டிலும் முதலில் நோக்கத்தக்கது கேபிளே. நெம்பின் முனையில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். தளர்வே இல்லையெனில் வழுக்கும், மிகுந்தால் விடுபடாது.

பின்சக்கரச் சங்கிலியை நடுவில் அசைத்தால் 25 முதல் 30 மி.மீ. வரை ஆட வேண்டும். சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுகிய இடத்திலேயே அளத்தல் வேண்டும். தேய்ந்த சங்கிலி அறுந்து சக்கரத்தைப் பூட்டிவிடக் கூடும். அப்போது தவிர்ப்பதற்கு நேரமிராது. நெடும்பயண வண்டியின் அதிர்வில் மரைகளும் மின்கம்பி முனைகளும் தளரும். வாரம் ஒருமுறை ஸ்பேனரோடு வண்டியைச் சுற்றி வருதல் எல்லாப் பழுதுகளிலும் பாதியைத் தடுக்கும். பிரேக்கில் ஐயம் தோன்றினால் மட்டும் சோதனை முயற்சி வேண்டா; தேர்ந்தவரிடம் சேர்த்த பின்பே ஓட்டுக.

இன்றைய வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப் பின் இவ்வினப் புதுவண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. கணினியே பெட்ரோலை அளந்து பீய்ச்சுகிறது. ஆயினும் மூன்று தேவைகள் மாறவில்லை. சாவி போட்டதும் தொட்டிக்குள் பம்ப் ‘உம்’மென ஒலிக்கிறதா, எச்சரிக்கை விளக்கு எரிந்து அணைகிறதா, நிறுத்து விசை சரியான நிலையில் உள்ளதா, பக்கத் தாங்கி மடக்கப்பட்டுள்ளதா, பேட்டரி வலுவாக உள்ளதா என்று நோக்கிய பின்னரே பட்டறையை நாடுக.

முடிவுரை

மேற்கூறிய ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருப்பவர் என நான்கு கூறாக்குகிறது. வண்டி பேசாத நோயாளி. மெக்கானிக் மருத்துவர். உதிரி உறுப்பு மருந்து. ஓட்டுநராகிய நாம் உடனிருப்பவர். எப்போது நின்றது, எப்படி நின்றது, என்ன ஒலி எழுந்தது, எத்தனை தொலைவுக்குப் பின் நிகழ்ந்தது என்பன நாம் மட்டுமே அறிந்தவை. அவற்றைக் கவனித்துச் சொல்பவரின் வண்டி ஒருமுறையில் குணமாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றிய பின் ஓட்டிப் பார்க்க. கண்டதைக் குறித்து வைக்க. இம்மூன்றும் பழகினால், நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் துணையின்றி நிற்கும் நிலை பெரிதும் குறையும்.