செயலிக்கு ஏறும் சூடு

கோவையில் 1888ஆம் ஆண்டு ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை தொடங்கிய காலந்தொட்டுப் பஞ்சு இம்மண்ணுக்குச் சோறு போட்டு வருகின்றது. அப்பஞ்சின் இழையே ஆலை அலுவலகங்களிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் கணிப்பொறியின் மூச்சை அடைக்கின்றது. ஆய்வேடு தட்டச்சு செய்யும் மாணவரின் கணிப்பொறி, சேமிக்கு முன்னரே சூடேறி அணைந்துவிடின் அன்றைய உழைப்பு முழுதும் வீணாகும். ஆதலின் அச்சூட்டின் காரணத்தை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

ஈண்டுச் செயலி என்றது 'பிராசஸர்' எனும் சில்லினையே. கைப்பேசி 'ஆப்'புக்கும் இப்பெயரையே இன்று சூட்டிவிட்டனர். ஒரு சொல்லை இரு பொருளுக்குத் தாரைவார்த்தது நமக்கு உடன்பாடன்று.

கிணற்றுமேட்டு மோட்டாரைக் காண்க. அதன் உடலெங்கும் வரப்பு வரப்பாக இரும்பு விளிம்புகள். பின்புறம் ஒரு விசிறி. விளிம்புகளில் பரவும் சூட்டை விசிறிக் காற்று கொண்டுபோகும். 1937இல் ஜி.டி.நாயுடுவும் டி.பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்த ஊரில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. செயலிக்கும் இதே ஏற்பாடுதான்: சில்லின்மேல் மெல்லிய பசை, அதன்மேல் அலுமினியத் தகடுகள், அவற்றின்மேல் விசிறி.

பல செயலிகள் 100 பாகை செல்சியஸை நெருங்குங்கால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்; அதற்கும் சூடு அடங்காதாயின் கணிப்பொறி அணையும். மெதுவாகும் கணிப்பொறியிலெல்லாம் வைரஸைத் தேடுவது வீண். 'பயாஸ்' திரையில் வெப்பநிலையை நோக்குக. விசிறி சுழன்றும், இயக்கிய சில நொடிகளிலேயே 90ஐத் தொடுமாயின் தகடுகள் சில்லின்மேல் சரிவர அமரவில்லை, அல்லது பசை காய்ந்துவிட்டது என்க. நெடுநேரப் பணியில் மெல்ல ஏறுமாயின் தூசியையே முதலில் ஐயுறுக.

மின்னிணைப்பைத் துண்டித்து, விசிறியை விரலால் பற்றிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குதல் வேண்டும். ஆலைக் கம்ப்ரசர் காற்றை நேரே பாய்ச்சுவோர் உளர். அதில் ஈரம் வரும், விசிறியும் மிகைவேகத்தில் சுழன்று கெடும்.

பசையை அள்ளிப் பூசுதலும் தவறே. அது உலோகத்தைவிடக் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். இரு பரப்புகளின் நுண்பள்ளங்களில் தங்கும் காற்றை விலக்குவதே அதன் தொழில். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதிதாக இட்டால் போதும்.

சித்திரையில் அறையின் சூடு எவ்வளவு ஏறுமோ, ஏறத்தாழ அவ்வளவு செயலியிலும் ஏறும். கணிப்பொறியின் பின்புறம் ஒரு சாண் இடமேனும் விடுக. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியோடு நுழையும் மேற்குச் சன்னலருகே அதனை வைத்தல் வேண்டா.