கனிமரங்களுக்குக் கவாத்து: எப்போது? எப்படி?



உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா நிற்கலாம். வயல் வரப்பில் ஒரு மா இருக்கலாம். மலைமேல் உறவினர் தோட்டத்தில் பலா இருக்கலாம். முள்ளுக்குறிச்சியில் மரம் வெட்டத் தெரியாதவர் யாருமில்லை. ஆனால் கவாத்து செய்யத் தெரிந்தவர் எத்தனை பேர்? அடுப்புக்கு ஒரு கிளை, ஆட்டுத் தழைக்கு ஒரு கிளை என்று கண்ட மாதத்தில் வெட்டிவிடுகிறோம். பிறகு தை மாதத்தில், "இவ்வருஷம் பூவே வைக்கவில்லை" என்று மரத்தைக் குறை கூறுகிறோம். குற்றம் மரத்தினுடையதன்று, வெட்டிய காலத்தினுடையது. இரண்டே மரத்தை நம்பியிருக்கும் குடும்பத்திற்கு ஒரு வருஷப் பலன் சிறிய நஷ்டமா?

எதற்காகக் கவாத்து?

மரத்தின் நடுவே வெயிலும் காற்றும் புகுவதற்காக. காய்ந்த கிளை, நோய் கண்ட கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, ஒட்டுக்குக் கீழே முளைக்கும் போத்து ஆகிய நான்கும் முதலில் நீங்க வேண்டியவை.

எப்போது?

மரம் எங்கே காய்க்கிறது என்று அறிந்தால் காலம் தானே விளங்கும்.

மா, முன்பே விட்டு முதிர்ந்த கொப்பின் நுனியில் பூக்கிறது. ஆகையால் அறுவடை முடிந்தவுடன், ஆடி ஆவணியில் வெட்டுக. அப்போது வரும் துளிர் மார்கழி, தைக்குள் முதிர்ந்துவிடும். கார்த்திகையில் வெட்டுகிறவர் பூக்க வேண்டிய நுனிகளையே வெட்டுகிறார்.

கொய்யா இதற்கு மாறானது. புதுத் துளிரில்தான் காய்க்கும். செப்டம்பர்-அக்டோபரிலும், பிப்ரவரி-மார்ச்சிலும் கிளை நுனிகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் நறுக்கிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். காய்ப்பு ஓய்ந்த கிழட்டுக் கொய்யாவை விறகுக்கு விற்றுவிடாதீர்கள். அடிமரம் திடமாயிருந்தால் தரையிலிருந்து சுமார் 75 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும்.

மாதுளைக்கு டிசம்பர் ஏற்றது. எலுமிச்சையில் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம்வரை கிளையின்றி வைத்தால் போதும். பலா அடிமரத்திலும் பெருங்கிளையிலும் காய்ப்பதால், அங்குள்ள சிறு கொப்புகளை வீணென்று செதுக்கிவிடலாகாது. பழம் எடுத்தபின் பழைய காம்புகளை மட்டும் நீக்குக.

கவாத்தின் அருமையைக் காண விரும்புவோர் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்க்கட்டும். அங்குள்ள பன்னீர் திராட்சையை 1832-ல் ஒரு பிரெஞ்சுக் குருவானவர் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்பர். அவ்வூர் விவசாயிகள் கவாத்து செய்த நாளை வைத்தே அறுவடை நாளைக் கணக்கிடுகிறார்கள்.

எப்படி?

அரிவாளால் கொத்தாதீர்கள், கொத்திய இடம் பிளந்து நீர் தங்கி அழுகும். சிறு கொப்புக்குக் கூரிய கத்தரி, பெருங்கிளைக்கு ரம்பம். பெருங்கிளையை மூன்று அறுப்பில் எடுக்கவும். முதலில், அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, கீழ்ப்புறத்தில் மூன்றிலொரு பங்கு அறுக்கவும். அடுத்து, சற்று வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். கடைசியில் மிஞ்சிய கட்டையை, கிளை தொடங்கும் தடித்த வளையத்திற்கு வெளியே ஒட்டி அறுக்கவும். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும், அதைச் சேதப்படுத்தக்கூடாது.

பெரிய காயத்திற்குப் போர்டோ பசை தடவுக. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்துப் பின் கலக்கவும். மண் பாத்திரம் அல்லது பிளாஸ்டிக் வாளி நல்லது; இரும்பு கூடாது. துலக்கிய இரும்புக் கத்தியை நனைத்தெடுத்தால் செம்பு நிறம் படிகிறதா? இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்கவும். இது விஷம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்.

நோய் கண்ட மரத்தை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மரத்தில் வைக்காதீர்கள். அடைமழையிலும் வெட்ட வேண்டாம். பலன் தரும் மரத்தில் ஒரே சமயத்தில் கால்பங்குக்கு மேல் தழையை எடுக்காதீர்கள்.

இந்த வாரம் கத்தியை எடுக்குமுன் உங்கள் மரத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். எந்தக் கிளையில் சென்ற வருஷம் காய் இருந்தது? எது வெயிலை மறைக்கிறது? இவ்விரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகே முதல் கிளையில் கை வையுங்கள்.