நாளைய உலகின் வாசலில்

1939 ஜூலை 2ஆம் நாள், நியூயார்க்கில் அறிவியல் புனைகதை அன்பர்களின் முதல் உலக மாநாடு தொடங்கியது. ஏறத்தாழ 200 பேர் கூடினர். மிர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி, எதிர்கால மனிதரின் உடைகளைக் கற்பனை செய்து தைத்தார். ஒன்றைத் தாமும் மற்றொன்றை நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனும் அணிந்து வந்தனர். பிற்கால மாநாடுகளின் வேடப்புனைவுக்கு வித்திட்டது அவரது ஊசியே.

ஆயினும் ஒரு குறை நேர்ந்தது. உட்பூசல் காரணமாக, ஃபிரெடரிக் போல் உள்ளிட்ட ஆறு இளைஞர்களை அமைப்பாளர்கள் உள்ளே விடவில்லை. அவர்களுடைய குழுவைச் சேர்ந்த 19 வயது ஐசக் அசிமோவ் தடையின்றி உள்ளே சென்றார். போலும் அசிமோவும் பின்னாளில் புகழ்மிக்க எழுத்தாளராயினர்.

நாளைய உலகைக் கனவு காணக் கூடியவர்களே இன்றைய தோழருக்குக் கதவடைத்தனர்! தோழி வெளியே நிற்க, நமக்கு மட்டும் கதவு திறந்தால் நாம் என்ன செய்வோம்?